தைரொயிட் அன்ரிபொடி ரெஸ்ற்: எப்ப எடுக்கோணும், எப்பிடி வாசிக்கோணும், எப்ப திரும்ப எடுக்கத் தேவையில்லை

நான் லாப்பில வேலை செய்யிறன் எண்டபடியால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சொந்தக்காரர் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் தைரொயிட் ரெஸ்ற் எடுத்தால் றிப்போட்டின்ர படம் என்ர போனுக்கு வந்திடும். கேள்வி கூடுதலா ஒண்டுதான். "பிள்ளை, அன்ரி ரிபிஓ 600 எண்டு கிடக்கு, பக்கத்தில 34க்குக் கீழ இருக்கோணும் எண்டு போட்டிருக்கு, இது கான்சரோ?" கான்சர் இல்லை. 600 எண்டதால 60 உள்ள ஆளை விடப் பத்து மடங்கு வருத்தம் எண்டும் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லிச் சொல்லி வாறதை விட ஒரேயடியா முழுசா எழுதிவிடுவம் எண்டுதான் இதை எழுதுறன், ஆறுதலா வாசியுங்கோ, பிறகு உங்கட றிப்போட்டைக் கையில எடுத்து வச்சுப் பாருங்கோ.

ஒரு விசயத்தை முதலே சொல்லிவிடுறன், மிச்சம் எல்லாம் அதில இருந்துதான் வரும். தைரொயிட் ஏன் பழுதாகுது எண்டதைச் சொல்லுறதுதான் அன்ரிபொடி, அந்த அன்ரி ரிபிஓவும் அதில ஒண்டு. இப்ப எவ்வளவு பழுது, எவ்வளவு குளிசை வேணும் எண்டதைச் சொல்லுறது ரிஎஸ்எச் எண்ட வேறொரு ரத்தப் பரிசோதனை. வயலுக்குள்ள யானையின்ர கால்தடத்தைக் கண்டால் யானை வந்துபோகுது எண்டு தெரியும், ஆனா எத்தினை மூடை நெல்லு போச்சுது எண்டதைத் தடத்தை எண்ணிச் சொல்லேலாது, பயிரைத்தான் பாக்கோணும், அது மாதிரித்தான். அன்ரிபொடி நம்பரைக் குறைக்கிறதுக்கெண்டு காசைச் செலவழிக்கிற ஆக்கள் கனபேர், அவையைக் கண்டால் எனக்கு மனசு பொறுக்கிறேல்லை.

இந்த அன்ரிபொடி எண்டது என்ன

கிருமி வந்தால் எதிர்த்து நிக்கிறதுக்கு உடம்பு செய்யிற புரதம்தான் அன்ரிபொடி. சிலபேரின்ர உடம்பு தன்ர தைரொயிட் சுரப்பியையே வேற்றாள் எண்டு நினைச்சு அதுக்கு எதிரா அன்ரிபொடி செய்யத் தொடங்கும், வெள்ளை அணுக்கள் சுரப்பிக்குள்ள போய் இருந்து அழற்சியை உண்டாக்கும், சுரப்பி சிலருக்கு வீங்கிக் கழலையா வரும், சிலருக்கு மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும். 1912இல ஹகாரு ஹஷிமோட்டோ எண்ட ஜப்பான் டொக்டர் நாலு பெண்களிட்ட இருந்து வெட்டியெடுத்த தைரொயிட்டைப் பாத்து, அதுக்குள்ள வெள்ளை அணுக்கள் நிறைஞ்சு கிடக்கு எண்டு எழுதினார், அதுதான் இப்ப ஹஷிமோட்டோ எண்டு சொல்லுற வருத்தம். ஆனா அது உடம்பு தன்னைத்தானே தாக்கிறதால வாறது எண்டு விளங்க இன்னும் நாப்பது வருசத்துக்கு மேல சென்றது. 1956இல லண்டனில ரொயிற், டோனியாக் எண்ட ஆக்களும் கூட வேலை செய்தவையும்தான் இந்த நோயாளியளின்ர ரத்தத்தில தைரொயிட்டுக்கு எதிரான அன்ரிபொடி கிடக்கு எண்டு காட்டினவை.

றிப்போட்டில வாறது மூண்டு பேர். அன்ரி ரிபிஓ, இது தைரொயிட் ஹோர்மோன் செய்யிற நொதியத்துக்கு எதிரானது, ஹஷிமோட்டோ உள்ள ஆக்களில பத்துப் பேரில ஒன்பது பேருக்கு மேல இருக்கும். அன்ரி ரிஜி, இது தைரோகுளோபுலின் எண்ட புரதத்துக்கு எதிரானது, ரிபிஓ அளவுக்கு உதவாது, ஆனா தைரொயிட் கான்சருக்கு ஒப்பரேசன் செய்த ஆக்களுக்கு இது முக்கியம், ஏனெண்டால் இந்த அன்ரிபொடி இருந்தால் அவைக்குப் பாக்கிற தைரோகுளோபுலின் அளவு பிழையா வரும். மூண்டாவது ரிராப் எண்டு சொல்லுறது, ரிஎஸ்எச் வந்து ஒட்டுற இடத்தில இது போய் ஒட்டிச் சுரப்பியை நெடுகத் தூண்டிக்கொண்டிருக்கும், சுரப்பி கூட வேலை செய்யிற கிரேவ்ஸ் எண்ட வருத்தத்தின்ர ஆள் இவர்தான்.

முதல் எந்த ரெஸ்ற்

நேர அன்ரிபொடிக்குப் போகாதேங்கோ. முதல் ரிஎஸ்எச். களைப்பு, குளிர் தாங்கேலாமை, மலச்சிக்கல், தலைமயிர் கொட்டுறது, மாதச்சுகயீனம் கூடப்போறது, உடம்பு பாரிக்கிறது, இல்லாட்டி மற்றப் பக்கம் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், சாப்பிட்டும் மெலியிறது, இப்பிடி ஏதும் இருந்தால் ஆஸ்பத்திரி ஓபிடியில சொல்லி ரிஎஸ்எச் கேளுங்கோ. இஞ்ச ஒண்டு சொல்லோணும். 2009க்குப் பிறகு எங்கட பெண்கள் களைப்பா இருக்கு, நித்திரை இல்லை, ஒண்டிலும் மனம் போகுதில்லை எண்டு சொன்னால், சண்டையில பட்டதை நினைச்சு யோசினை எண்டு சொல்லி வீட்டாக்களே விட்டுவிடுவினம். யோசினையும் உண்மைதான், அந்தப் பாரத்தை ஆரும் குறைச்சுச் சொல்லேலாது. ஆனா அதே ஆளுக்குத் தைரொயிட்டும் குறைஞ்சு இருக்கலாம், ரெண்டும் ஒண்டை ஒண்டு மறைக்கும், ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில தெரியிற விசயத்தை வருசக்கணக்கா விட்டுவிடுறது சரியில்லை. அம்மாவோ பெரியம்மாவோ அப்பிடிச் சொன்னால் கூட்டிக்கொண்டு போங்கோ.

ரிஎஸ்எச் பெரியாக்களில சாதாரணமா 0.4க்கும் 4க்கும் இடையில இருக்கும், வயசு போகப் போகக் கொஞ்சம் கூட இருக்கிறது வழமை. கூட இருந்தால் சுரப்பி குறையா வேலை செய்யுது, குறைஞ்சு இருந்தால் சுரப்பி கூட வேலை செய்யுது. தலைகீழா இருக்கு எண்டு கனபேர் குழம்புவினம், மூளைக்குக் கீழ இருக்கிற பிற்றியூற்றறி சுரப்பி "இன்னும் செய், இன்னும் செய்" எண்டு தைரொயிட்டுக்கு அனுப்புற கட்டளைதான் ரிஎஸ்எச், அதாலதான் அப்பிடி.

ரிஎஸ்எச் கூட இருந்தால் ஃப்ரீ ரி4ஓட அன்ரி ரிபிஓ ஒருக்கா. குறைஞ்சு இருந்தால் ஃப்ரீ ரி4, ரி3, அதோட ரிராப். ரி4, ரி3 எண்டது தைரொயிட் செய்யிற ஹோர்மோன்கள். ரெண்டு பக்கமும் இல்லாமல் ரிஎஸ்எச் நல்லா இருந்தால் பொதுவா அன்ரிபொடி தேவையில்லை. ஆனா பிள்ளைப்பேற்றுக்கு ஆயத்தப்படுற பெண், திரும்பத் திரும்பக் கருக்கலைஞ்ச பெண், அமியோடரோன் எண்ட இருதயக் குளிசையோ லிதியம் எண்ட மனநோய்க் குளிசையோ தொடங்கப்போற ஆள், கழலை இருக்கிற ஆள், இவைக்கு டொக்டர் எழுதலாம். ரிஎஸ்எச் அரச ஆஸ்பத்திரியால செய்விக்கலாம், அன்ரிபொடி எல்லா ஆஸ்பத்திரியிலயும் செய்யமாட்டினம், துண்டு எழுதித் தந்து வெளியில பிரைவேற் லாப்பில எடுக்கச் சொல்லுவினம், அங்கயும் ரத்தத்தை எடுத்து வேற ஊருக்கு அனுப்பித்தான் செய்விக்கிறவை, றிப்போட் வரச் சில நாள் செல்லும். மூண்டையும் ஒரேயடியா எடுக்கச் சொல்லி ஆரும் சொன்னால், "எனக்கு இதில எது தேவை, வந்த முடிவை வச்சு என்ன மாத்தப்போறியள்" எண்டு கேளுங்கோ. கேக்கிறது மரியாதைக் குறைவில்லை. கூலி வேலைக்குப் போய் உழைக்கிற காசு.

ரத்தம் குடுக்கிற நாள்

தைரொயிட்டுக்கு வெறும் வயித்தில வரத் தேவையில்லை. ஒட்டுசுட்டானில இருந்தும் துணுக்காயில இருந்தும் விடிய முதல் பஸ் பிடிச்சு, பச்சைத்தண்ணியும் குடிக்காமல் மயங்கி விழுற மாதிரி வந்து நிக்கிற ஆக்களைப் பாக்க எனக்குக் கவலையா இருக்கும். சீனி, கொலஸ்ரரோலும் சேத்து எழுதியிருந்தால் மட்டும் வெறும் வயிறு, அப்பவும் தண்ணி குடிக்கலாம். தைரொக்சின், அதாவது குறைஞ்ச தைரொயிட் ஹோர்மோனுக்குப் பதிலாக் குடுக்கிற குளிசை, எடுக்கிற ஆக்கள் அண்டைக்குக் குளிசையைக் கையில கொண்டுவந்து ரத்தம் குடுத்துப்போட்டுப் போடுங்கோ, குளிசை போட்டு ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில ரத்தம் எடுத்தால் ரி4 கூடக் காட்டும்.

அடுத்தது பயோட்டின் எண்ட விற்றமின். இதைத் தடிச்ச எழுத்தில எழுதோணும் போல கிடக்கு. தைரொயிட் குறைஞ்சால் தலைமயிர் கொட்டும், தலைமயிர் கொட்டுது எண்டு பாமசியில பயோட்டின் குளிசை வாங்கிக் குடிப்பினம், அந்தப் பயோட்டின் சில மெஷின்களில ரெஸ்ற்றையே குழப்பிவிடும். ரிஎஸ்எச் பொய்யாக் குறைஞ்சு, ரி4 பொய்யாக் கூடி, ரிராப்பும் பொய்யாக் கூடி வரும், அப்ப றிப்போட்டைப் பாத்தால் அச்சொட்டா கிரேவ்ஸ் மாதிரியே இருக்கும், உண்மையில ஆளுக்கு அந்த வருத்தமே இல்லை. ரத்தம் குடுக்கிறதுக்குக் குறைஞ்சது ரெண்டு நாளைக்கு முதலே பயோட்டினை நிப்பாட்டுங்கோ, கூடின அளவு எடுக்கிற ஆக்கள் இன்னும் முந்தி நிப்பாட்டோணும். தலைமயிருக்கு, நகத்துக்கு எண்டு விக்கிற எந்தக் குளிசையிலயும் அது இருக்கலாம், போத்திலைத் திருப்பிப் பாருங்கோ, விளங்காட்டிப் போத்திலையே லாப்புக்குக் கொண்டுவந்து காட்டுங்கோ.

டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்து வார்ட்டில கிடந்த நேரம் எடுத்த ரிஎஸ்எச்சை வச்சு முடிவெடுக்கவேண்டாம், உடம்பு கடுமையா ஏலாமல் இருக்கேக்க தைரொயிட் நல்லா இருந்தாலும் ரெஸ்ற் மாறித்தான் காட்டும். சுகமாகி ஆறு கிழமை போல போக ஒருக்காத் திரும்பப் பாருங்கோ.

நம்பரை வாசிக்கிறது

முதல் பாக்கவேண்டியது உங்கட நம்பரை இல்லை, பக்கத்தில போட்டிருக்கிற எல்லையை. அன்ரி ரிபிஓவுக்கு ஒரு கம்பனியின்ர மெஷினில எல்லை 34, இன்னொரு கம்பனியின்ர மெஷினில 5.6. ஆகவே யாழ்ப்பாணத்தில எடுத்த 300ஐயும் வவுனியாவில எடுத்த 90ஐயும் வச்சு "குறைஞ்சிட்டுது" எண்டு சந்தோசப்படவும் ஏலாது, மாறி வந்தால் கவலைப்படவும் ஏலாது. நாங்கள் எடுக்கவேண்டிய செய்தி இருக்கோ இல்லையோ எண்டது, அவ்வளவுதான். மிச்சம் உயர்வா இருந்தால் ஹஷிமோட்டோ எண்டது கூடுதல் நிச்சயம், அதுக்கு மேல அந்த நம்பரில ஒண்டும் இல்லை.

பிறகு ரிஎஸ்எச்சோட சேத்து வாசியுங்கோ. ரிஎஸ்எச் கூட, ஃப்ரீ ரி4 குறைவு, அன்ரி ரிபிஓ இருக்கு எண்டால் ஹஷிமோட்டோ, தைரொக்சின் குளிசை வேணும், இதில யோசிக்க ஒண்டும் இல்லை. ரிஎஸ்எச் கூட ஆனா ரி4 நல்லா இருக்கு எண்டால், அது தொடக்கப் படி, 10க்கு மேல போனால் பெரும்பாலும் மருந்து தொடங்குவினம், 10க்குக் கீழ எண்டால் வயசு, அறிகுறி, கர்ப்பம், அன்ரிபொடி எல்லாம் பாத்து டொக்டர் முடிவெடுப்பார், இந்த இடத்திலதான் அன்ரிபொடி உண்மையா உதவுது.

ரிஎஸ்எச்சும் ரி4ம் நல்லா இருக்கு, அன்ரிபொடி மட்டும் இருக்கு எண்டால்? எனக்கு வாற போன் எல்லாத்திலயும் கூடுதலா இதுதான். அமெரிக்காவில 1988 தொடக்கம் 1994 வரை செய்த பெரிய கணக்கெடுப்பில தைரொயிட் வருத்தம் இல்லாத ஆக்களிலயே நூற்றுக்குப் பதினொரு பேருக்கு ரிபிஓ அன்ரிபொடி இருந்தது, பெண்களில இன்னும் கூட. அதாவது உங்கட ஒழுங்கையில பத்துப் பேரைப் பிடிச்சுப் பாத்தால் ஒராளுக்கு இருக்கலாம், அந்த ஆள் நல்லா ஓடியாடித் திரியும். இங்கிலாந்தில விக்கம் எண்ட இடத்தில ஒரே ஆக்களை இருபது வருசம் பின்தொடர்ந்து பாத்த ஆய்வில, அன்ரிபொடி மட்டும் இருந்த பெண்களில வருசத்துக்கு நூற்றுக்கு ரெண்டு பேர் போலத்தான் தைரொயிட் குறைஞ்ச நிலைக்குப் போனவை, அன்ரிபொடியும் இருந்து ரிஎஸ்எச்சும் கூட இருந்த பெண்களில வருசத்துக்கு நூற்றுக்கு நாலு பேருக்குக் கொஞ்சம் மேல. அன்ரிபொடி மட்டும் இருக்கிறதுக்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. வருசத்துக்கு ஒருக்கா ரிஎஸ்எச் பாக்கிறது, இடையில அறிகுறி வந்தால் அல்லது பிள்ளை தங்கினால் அப்பவே பாக்கிறது, போதும்.

அன்ரிபொடி இல்லை எண்டு வந்தும் ஹஷிமோட்டோ இருக்கிற ஆக்களும் இருக்கினம், கொஞ்சப் பேர்தான், கழுத்து ஸ்கானில தெரியும். ரிஎஸ்எச் கூட இருந்தால் மருந்து ஒண்டுதான், ஆகவே "அன்ரிபொடி இல்லையாம், அப்ப குளிசை வேண்டாமாம்" எண்டு நிப்பாட்டாதேங்கோ.

சுரப்பி வேகமா ஓடுற பக்கம்

ரிஎஸ்எச் குறைஞ்சு போய், நெஞ்சு படபடக்க, வேர்க்க, மெலிஞ்சு வாற ஆளைப் பாத்தவுடன எல்லாரும் சுரப்பியின்ர வேகத்தைக் குறைக்கிற கார்பிமசோல் குளிசை வேணும் எண்டு நினைப்பினம். இஞ்சதான் அன்ரிபொடி தன்ர முழுப் பெறுமதியையும் காட்டும். ஏனெண்டால் ரெண்டு வேற வேற விசயம் ஒரே மாதிரி வரும். ஒண்டு கிரேவ்ஸ், ரிராப் தூண்டித் தூண்டிச் சுரப்பி புதுசாக் கனக்க ஹோர்மோன் செய்யுது. மற்றது அழற்சியில சுரப்பி உடைஞ்சு, முந்திச் செய்து வச்சிருந்த ஹோர்மோன் ரத்தத்துக்குள்ள கசியுது, அது சில கிழமையில தானா முடிஞ்சிடும். கார்பிமசோல் புதுசாச் செய்யிறதைத்தான் நிப்பாட்டும், கசியிறதை நிப்பாட்டாது, ஆகவே ரெண்டாவது ஆளுக்கு அது பிரயோசனம் இல்லை, பக்கவிளைவு மட்டும் மிச்சம். ரிராப் இருந்தால் கிரேவ்ஸ், இல்லாட்டி மற்றதைத் தேடோணும். கண் முன்னுக்குத் தள்ளி நிண்டால் அதுவும் கிரேவ்ஸ் பக்கம்தான், அந்த ஆள் சிகரெட், பீடி, சுருட்டு எது பத்தினாலும் விடோணும், கண்ணை இன்னும் பழுதாக்கும்.

கசியிற வகையில ஒண்டு நோவோட வரும். தடிமன் காய்ச்சல் வந்து சில கிழமைக்குப் பிறகு முன்கழுத்து தொடவே ஏலாமல் நோகும், நோ காதுக்கும் தாடைக்கும் ஏறும், காய்ச்சல் இருக்கும், கன ஆக்கள் தொண்டை நோ, பல்லு நோ எண்டு அன்ரிபயோற்றிக் குடிச்சுக்கொண்டு திரிவினம். இதுக்கு அழற்சியைக் காட்டுற ஈஎஸ்ஆர் எண்ட ரத்தப் பரிசோதனை மிச்சம் உயர்ந்து நிக்கும், அன்ரிபொடி பெரும்பாலும் இராது. நோவுக்கு மருந்தும், கடுமையெண்டால் பிரெட்னிசோலோனும் குடுப்பினம், நெஞ்சுப் படபடப்புக்கு புரொப்ரனொலோல். பெரும்பாலான ஆக்களுக்கு மாறிவிடும், இடையில கொஞ்சக் காலம் தைரொயிட் குறைஞ்சுபோய்த் திரும்பி வரும், அதால ரிஎஸ்எச்சைத் தொடர்ந்து பாக்கோணும்.

மேல சொன்ன கான்சர் ஒப்பரேசன் ஆக்களை விட்டால், கிரேவ்ஸ் ஆக்களுக்கு மட்டும்தான் அன்ரிபொடியைத் திரும்ப எடுக்கிறதில அர்த்தம் இருக்கு. கார்பிமசோல் 12 தொடக்கம் 18 மாதம் எடுத்து நிப்பாட்டுற நேரம் ரிராப் பாத்தால், இல்லாமல் போயிருந்தால் திரும்ப வாற சந்தர்ப்பம் குறைவு, இன்னும் உயர்வா இருந்தால் நிப்பாட்டினவுடன திரும்ப வரக்கூடும், அப்ப டொக்டர் வேற வழி கதைப்பார்.

கார்பிமசோல் குடிக்கிற ஒவ்வொருத்தரும் இதை மனசில வையுங்கோ: காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ வந்தால் அந்தக் குளிசையை நிப்பாட்டிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் எஃப்பிசி எண்ட ரத்த அணு எண்ணுற ரெஸ்ற் எடுக்கோணும், கார்பிமசோல் குடிக்கிறன் எண்டு வாய் திறந்து சொல்லோணும். ஆயிரத்தில சிலபேருக்கு, கூடுதலா முதல் மூண்டு மாதத்துக்குள்ள, இது வெள்ளை அணுவை அப்பிடியே விழுத்திவிடும். எங்கட பக்கம் மாரியில காய்ச்சல் எண்டால் டெங்குதான் எண்டு பனடோல் போட்டுக்கொண்டு மூண்டு நாள் வீட்டில இருக்கிற பழக்கம் இருக்கு, இந்தக் குளிசை குடிக்கிற ஆள் அப்பிடி ஒரு நாளும் இருக்கக்கூடாது.

பிள்ளை தங்கினால்

இந்தப் பகுதியை மட்டும் எண்டாலும் உங்கட வீட்டில இருக்கிற பெண்பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

வயித்தில இருக்கிற பிள்ளைக்கு முதல் மாதங்களில சொந்தமாத் தைரொயிட் ஹோர்மோன் இல்லை, தாயின்ரதைத்தான் எடுக்கும், மூளை வளர அது வேணும். ஆகவே தைரொக்சின் குடிக்கிற பெண், "மருந்து பிள்ளைக்குக் கூடாது" எண்டு மாமியோ அயலட்டையோ சொல்லிச்சினம் எண்டு குளிசையை நிப்பாட்டிறது ஆகப் பிழையான வேலை. மாறி, பிள்ளை தங்கினவுடன அளவைக் கூட்டோணும், பொதுவா 25 தொடக்கம் 30 வீதம், கிழமைக்கு ரெண்டு நாள் ஒரு குளிசை கூட எண்டு சொல்லுவினம். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இராமல், மாதச்சுகயீனம் தள்ளினவுடன மிட்வைஃப் அக்காவிட்டச் சொல்லுங்கோ, ரிஎஸ்எச் எடுங்கோ. நாலு கிழமைக்கு ஒருக்கா நடுக் கர்ப்பம் வரைக்கும் பாப்பினம்.

குளிசை குடிக்காத, ஆனா அன்ரி ரிபிஓ இருக்கிற பெண்ணுக்கும் அதே மாதிரி நாலு கிழமைக்கு ஒருக்கா ரிஎஸ்எச், ஏனெண்டால் கர்ப்பத்தில வேலை கூட, பழுதான சுரப்பி ஈடுகுடுக்க ஏலாமல் போகலாம். ரிபிஓ அன்ரிபொடி இருந்தால் கருக்கலையிற சந்தர்ப்பம் கொஞ்சம் கூட எண்டது உண்மை. ஆனா ரிஎஸ்எச் நல்லா இருக்கேக்கையே தைரொக்சின் குடுத்தால் அதைத் தடுக்கலாமோ எண்டு இங்கிலாந்தில செய்து 2019இல வெளிவந்த பெரிய ஆய்வில, குடுத்ததால உயிரோட பிறந்த பிள்ளையளின்ர எண்ணிக்கை கூடேல்லை. கருக்கலைஞ்ச பெண்ணுக்கு "உன்ர அன்ரிபொடியாலதான் போச்சுது" எண்டு ஆரும் சொன்னால், அப்பிடிச் சொல்ல ஆராலும் ஏலாது எண்டு அவைக்குச் சொல்லுங்கோ.

கிளினிக்கில தாற அயன் குளிசையும் கல்சியமும் தைரொக்சினைப் பிடிச்சு வச்சு உடம்பில சேரவிடாது. எம்ஓஎச் கிளினிக்கால வந்து மூண்டையும் ஒண்டாப் போடுற பிள்ளையள் இருக்குதுகள், பிறகு ரிஎஸ்எச் குறையேல்லை எண்டு டொக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். தைரொக்சின் விடிய, அயனும் கல்சியமும் நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு, அயன் மத்தியானம், கல்சியம் இரவு எண்டு வச்சால் ஞாபகம் நிக்கும். திரிபோஷா சத்துமாவில சோயா இருக்கு, அதையும் தைரொக்சினோட ஒண்டா எடுக்காமல் தள்ளி எடுங்கோ, நிப்பாட்டத் தேவையில்லை.

கிரேவ்ஸ் இருந்த பெண்ணுக்கு ரிராப் நஞ்சுக்கொடி வழியாப் பிள்ளைக்குப் போகும். முந்தியே ஒப்பரேசன் செய்து தைரொயிட்டை எடுத்திட்டினம், இப்ப தைரொக்சின்தான் குடிக்கிறன் எண்டாலும் அன்ரிபொடி ரத்தத்தில இன்னும் இருக்கலாம், ஆகவே பழைய கதை எண்டு மறைக்காமல் கட்டாயம் சொல்லுங்கோ, ரிராப் பாத்து உயர்வா இருந்தால் பிள்ளையின்ர நாடித்துடிப்பையும் வளர்ச்சியையும் கூடக் கவனிப்பினம். கார்பிமசோல் குடிக்கிற பெண் பிள்ளைக்கு ஆயத்தப்பட முதலே டொக்டரிட்டக் கதைக்கோணும், முதல் மூண்டு மாதத்துக்கு வேற மருந்துக்கு மாத்துவினம்.

பிள்ளை பிறந்த பிறகும் விசயம் முடியிறேல்லை. பிறந்து ஒரு வருசத்துக்குள்ள தைரொயிட் அழற்சி வாறது இருபது தாய்மாரில ஒராளுக்குப் போல, அன்ரி ரிபிஓ இருந்த தாய்மாரில மூண்டில ஒரு பங்கில இருந்து அரைவாசிப் பேர் வரை. முதல் சில மாதம் படபடப்பு, பிறகு சோர்வு, பால் குடுத்துக் களைச்சுப்போனாள் எண்டு நினைப்பினம், பிரசவத்துக்குப் பிறகு வாற மனச்சோர்வு எண்டும் நினைப்பினம். முன்னமே அன்ரிபொடி இருக்கு எண்டு தெரிஞ்ச தாய் மூண்டு மாதத்துக்குள்ள ஒருக்காவும் ஆறாம் மாதம் ஒருக்காவும் ரிஎஸ்எச் பாக்கட்டும். கனபேருக்கு மாறிவிடும், சிலருக்கு நிரந்தரமா நிக்கும். தைரொக்சின் குடிச்சுக்கொண்டு பால் குடுக்கலாம், ஒரு பிரச்சினையும் இல்லை.

நம்பரைக் குறைக்கிறன் எண்டு சொல்லுற ஆக்கள்

கோதுமையில இருக்கிற குளூட்டனை விட்டால் குறையும், செலினியம் குளிசை குடிச்சால் குறையும், இந்தச் சூரணம் குடிச்சால் குறையும் எண்டு யூடியூப்பில கனக்கச் சொல்லுவினம். செலினியம் அன்ரிபொடி நம்பரைக் கொஞ்சம் குறைக்கிறது உண்மை, ஆனா அதால ஆளுக்குச் சுகம் கூடினது, குளிசை குறைஞ்சது எண்டு உறுதியாக் காட்டேல்லை. கோதுமையை விடுறது சீலியாக் எண்ட வருத்தம் இருக்கிற ஆளுக்குத்தான் தேவை, அரிசிச்சோறு தின்னுற எங்களுக்கு அது பெரிய பிரச்சினையும் இல்லை. தைரொக்சின் ஒழுங்கா எடுத்தாலே வருசங்கள் போக அன்ரிபொடி தானாக் குறைஞ்சு வரும், முழுக்க இல்லாமல் போறது கொஞ்சப் பேருக்குத்தான். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா அன்ரி ரிபிஓ எடுத்து வரைபு கீறி வச்சிருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும், அந்தக் காசில அவ எவ்வளவோ செய்திருக்கலாம்.

மரவள்ளி, கோவா சாப்பிடலாமோ எண்டு கேப்பினம். நல்லா அவிச்சுச் சாப்பிடுங்கோ, உடம்பில அயடின் காணுமெண்டால் பயமில்லை. உப்புத்தான் கதைக்கவேண்டிய விசயம். இலங்கையில 1995இல இருந்து உப்புக்கு அயடின் போடோணும் எண்ட சட்டம் இருக்கு, அதுக்குப் பிறகு கழலை குறைஞ்சது, அதேநேரம் 2000இல வெளிவந்த ஒரு ஆய்வில இலங்கைப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளையளுக்குத் தைரோகுளோபுலின் அன்ரிபொடி கூடுதலா இருக்கு எண்டு கண்டு, அயடின்தான் காரணமோ எண்டு கேட்டிருந்தவை. அதைக் கேள்விப்பட்டு அயடின் உப்பை நிப்பாட்டாதேங்கோ, கர்ப்பிணிக்கும் பிள்ளையளுக்கும் அது கட்டாயம். ஆனையிறவில உப்பு விளையிற ஊர் எங்கட, மூடையில அள்ளிவாற கல்லுப்பில அயடின் போட்டிராது, சமையலுக்குப் பைக்கற்றில அயடின் எண்டு எழுதியிருக்கிறதைப் பாத்து வாங்குங்கோ. ஆனா கடற்பாசிக் குளிசை, அயடின் துளி எண்டு தனியா வாங்கி ஹஷிமோட்டோ உள்ள ஆக்கள் குடிக்கவேண்டாம், அது கூடினால் சுரப்பியை இன்னும் அடக்கும்.

குளிசை வீட்டில

தைரொக்சின் விடிய எழும்பினவுடன தண்ணியோட, பிறகு அரை மணித்தியாலத்தில இருந்து ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் தேத்தண்ணி. இது எங்கட ஆக்களுக்கு ஆகக் கஷ்டமான வேலை, முகம் கழுவ முதல் பால்த்தேத்தண்ணி வேணும். ஏலாட்டி இரவு படுக்கேக்க, சாப்பிட்டு மூண்டு மணித்தியாலம் போனாப்பிறகு எடுக்கலாம், ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி எடுத்தால் சரி. விரதம் எண்டாலும் ஒரு மிடறு தண்ணியோட எடுங்கோ. வெக்கை, வெளிச்சம், ஈரம் மூண்டும் இந்தக் குளிசையைப் பழுதாக்கும், தகரக் கூரைக்குக் கீழ, அடுப்படி அலுமாரியில, மோட்டச்சைக்கிள் சீற்றுக்கு அடியில வச்சால் பங்குனி சித்திரை வெயிலுக்கு அதில மருந்து மிஞ்சாது. வீட்டில ஆகக் குளிர்ச்சியான மூலையில, தந்த பைக்கற்றோடயே வையுங்கோ. அளவை மாத்தினால் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குப் பிறகுதான் ரிஎஸ்எச் பாக்கோணும், அதுக்கு முதல் பாத்தால் உண்மையைக் காட்டாது.

கழுத்து வீக்கம் சில கிழமைக்குள்ள கிடுகிடுவெண்டு பெருத்தால், கல்லு மாதிரித் தட்டுப்பட்டால், குரல் அடைச்சால், சாப்பாடு இறங்க மறுத்தால் அன்ரிபொடி றிப்போட்டுக்குக் காத்திராமல் உடன காட்டுங்கோ. அதோட ஹஷிமோட்டோ இருக்கிற ஆக்களுக்கு உடம்பு தன்னைத் தாக்கிற வேற வருத்தங்களும் சேர வரக்கூடும், வெண்புள்ளி, முதலாம் வகைச் சலரோகம், பி12 குறைஞ்சு வாற ரத்தச்சோகை, ஆகவே ரிஎஸ்எச் நல்லா வந்தும் களைப்புப் போகேல்லை எண்டால் எஃப்பிசியும் பி12ம் கேளுங்கோ, குளிசையைக் கூட்டச் சொல்லிக் கேக்காதேங்கோ.

கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்தில பெரிசா எழுதிவையுங்கோ: "அன்ரி ரிபிஓ இருக்கு", எடுத்த வருசம், எந்த லாப். அது இருந்தால் புதுசா வாற டொக்டர் திரும்ப எடுக்கச் சொல்லமாட்டார், காசும் அலைச்சலும் மிச்சம். உங்களுக்கு இருக்கு எண்டு தெரிஞ்சால் தங்கச்சிக்கும் மகளுக்கும் சொல்லுங்கோ, குடும்பத்தில ஓடுற வருத்தம் இது. அவைக்கு அன்ரிபொடி எடுக்கத் தேவையில்லை, ஒரு ரிஎஸ்எச் காணும்.